674 வெள்ளியில மைவி பிரேக்: எது வொர்த், எது சும்மா

மொதல்ல கணக்கு. மொத்தம் 674 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆச்சு, ரெண்டு வாரக்கடைசி போச்சு, ஒரு நல்ல டீ சட்டையும் போச்சு. காடி (கார்தான்) 2006 பெரோடுவா மைவி 1.3 மானுவல், சக்கரம் பூட்டிக்காம தடுக்குற ஏபிஎஸ் கெடையாது, முன்னாடி டிஸ்க் பிரேக், பின்னாடி டிரம் பிரேக், 2019ல மூணாவது ஓனரா நான் வாங்குனது. வாங்குறப்ப பேர் மாத்த காடி சோதனை பண்ற புஸ்பாகாம் போனப்ப ரோலர்ல ஏத்தி பிரேக் பாத்தாங்க, பாஸ் ஆச்சு, அதோட சரி. நம்ம ஊர்ல சொந்தக் காடிக்கு வருஷா வருஷம் செக்கப் எல்லாம் இல்லையே, அதனால அதுக்கப்புறம் அந்த பிரேக்க யாருமே எட்டிப் பாக்கல, நானும் சேத்துத்தான். சர்வீஸுக்கு போனா எஞ்சின் ஆயில் மாத்துவாங்க, கண்ணாடி தொடைப்பாங்க, ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. எல்லாரும் மைவிய ரோட்டுக்கு ராஜான்னு கிண்டல் பண்றாங்கள்ல, ராஜா ஓடுறதுல கெட்டிக்காரருதான், நிக்கிறது பத்தி யாரும் கேக்க மாட்டாங்க.

பிரேக் மேல கை வைக்கணும்னு முடிவு பண்ணது போன டுரியான் சீசன்ல. அம்மா, பெரியம்மா, பெரியம்மா மக, நான், நாலு பேரும் பினாங்குல பாலிக் புலாவ் போய் டுரியான் வாங்கி பூட் நெறைய அடைச்சிகிட்டு ஜாலான் துன் சார்டோன் வழியா பாயா தெருபோங் பக்கம் எறங்கிட்டு வர்றோம். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு தெரியும், வளைவு மேல வளைவு, முன்னாடி ஒரு லோரி போனா அவன் பின்னாலயே பிரேக்க தொட்டுத்தொட்டு எறங்க வேண்டியதுதான். பாதி மலையில பெடல் வழக்கத்த விட கீழ போற மாதிரி இருந்துச்சு, அடுத்த வளைவுல இன்னும் கீழ போச்சு, அதுக்கடுத்து அமுக்குனா பஞ்சு மேல கால வச்ச மாதிரி. ரெண்டாவது கியர்ல போட்டு, கைபிரேக்க மெதுவா இழுத்து, எடம் இருந்த எடத்துல ஓரம் கட்டிட்டேன். பெரியம்மா பின்னாடி உக்காந்துகிட்டு "ஏன்மா நிப்பாட்டிட்ட, வாந்தி வருதா"ன்னு கேக்குறாங்க. எறங்கி பாத்தா எடது முன் சக்கரத்துகிட்ட கைய கொண்டு போக முடியல, அவ்ளோ சூடு. எரிஞ்ச வாசம் முன்னாடியே வந்திருக்கும், ஆனா பூட்ல இருந்த டுரியான் வாசத்துல வேற எந்த வாசம் தெரியும் சொல்லுங்க.

அர மணி நேரம் கழிச்சு பெடல் கொஞ்சம் மேல வந்துச்சு, முதல் கியர்லயே உருட்டிகிட்டு வீடு வந்து சேந்தோம். அப்பா முப்பது வருஷம் லோரி ஓட்டுனவரு, விஷயத்த கேட்டதும் கேட்ட மொத கேள்வி, "எந்த கியர்ல எறங்குன?" நாலுன்னு சொன்னேன். அவரு ஒன்னும் பேசல, டீவி சவுண்ட ஏத்தி வச்சிட்டாரு. அது திட்டுனத விட மோசம்.

இதுல ஒன்னு புரிஞ்சிக்கணும், பிரேக் பிடிக்கலன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்றோம் ஆனா அது ரெண்டு விதம். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு ஆனா காடி நிக்கலன்னா டிஸ்க்க கவ்வி பிடிக்கிற பேட் சூடேறி பிடிப்ப விட்டுருச்சுன்னு அர்த்தம். பெடல் பஞ்சு மாதிரி கீழ போகுதுன்னா பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி ஆயிருச்சு, ஆயில அமுக்க முடியாது ஆனா ஆவிய அமுக்கலாம், அதான் கால் கீழ போகுது. எனக்கு வந்தது ரெண்டாவது. பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கும், தண்ணி சேர சேர கொதிக்கிற சூடு கொறஞ்சிகிட்டே வரும். டாட் 3ங்கிற தரத்து ஆயில் புதுசா இருக்கப்ப கொறஞ்சது 205 டிகிரி வரைக்கும் தாங்கணும், தண்ணி குடிச்சப்புறம் அது 140. டாட் 4 புதுசுல 230, தண்ணி சேந்தா 155. பினாங்கு மாதிரி வருஷம் பூரா வேர்க்குற ஊர்ல என் காடில அந்த ஆயில் எத்தன வருஷமா இருந்துச்சுன்னு நெனைச்சாலே வயித்த கலக்குது.

சரி, அப்கிரேட் பண்ணிடலாம்னு முடிவு. அப்கிரேட்னு மனசுல வந்ததும் மொதல்ல என்ன வரும், சிகப்பு கேலிப்பர்தான் (பேட்ட டிஸ்க் மேல அமுக்குற பாகம்). ஒரு வர்க்‌ஷாப்ல கேட்டேன், முன்னாடி நாலு பிஸ்டன் கேலிப்பர், பெரிய டிஸ்க், பின்னாடி டிரம்ம தூக்கிட்டு டிஸ்க், எல்லாம் சேத்து 2,800 வெள்ளின்னான். அந்த கேலிப்பர் எந்த கம்பெனின்னு கேட்டா "அதே குவாலிட்டிதான் சிஸ்"ங்கிறான், எதோட அதேன்னு சொல்லல. (சிகப்பு பிளாஸ்டிக் மூடிய வாங்கி ஒரிஜினல் கேலிப்பர் மேல சிலிகான்ல ஒட்டிட்டு ரேஸ் காடி மாதிரி போறவங்களும் இருக்காங்க, அது கேலிப்பருக்கு போர்வ போத்துற மாதிரி, சூடு வெளிய போக விடாது. பாக்க அழகா இருக்குன்னா ஒட்டிக்குங்க, மலைக்கு மட்டும் போயிடாதீங்க.)

அடுத்து தீவுக்கு எதிர்ல இருக்க பெருநிலத்து பக்கம் ஒரு ஹாஃப்கட் கடைக்கு போனேன், ஜப்பான்ல இருந்து பாதி வெட்டுன காடிங்க வருமே அந்த மாதிரி கடை. பெரிய கேலிப்பர் செட் இருக்கான்னு கேட்டேன். கடை மொதலாளி தவுக்கே என் காடிய சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு, ரிம்முக்குள்ள டார்ச் அடிச்சி பாத்தாரு, "தங்காச்சி, பாராங் பியாசா தூக்கார் டுலு லா"ன்னாரு. சாதா சாமான மொதல்ல மாத்து, அப்புறம் வா. கையில காசோட வந்தவள திருப்பி அனுப்புற யாவாரிய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. கடைக்கு மார்க் போட சொன்னா அஞ்சுக்கு அஞ்சு, நான் அங்க ஒரு சாமானும் வாங்கல.

வீட்டுக்கு வந்து படிச்சி பாத்தப்பதான் அவரு ஏன் சொன்னாருன்னு புரிஞ்சது. 14 இஞ்ச் ரிம்முக்குள்ள பெரிய கேலிப்பர் எடம் பத்தாது, ரிம்மும் மாத்தணும், ரிம் மாத்துனா டயரும் மாத்தணும். பெரிய பிஸ்டன தள்ள அதிக ஆயில் வேணும், பெடல அமுக்குனா ஆயில தள்ளுற மாஸ்டர் பம்ப் அதே பழசுதான், அப்ப பெடல் இன்னும் ஆழமாத்தான் போகும். முன்னாடி மட்டும் பலம் ஏத்துனா பின்னாடி பங்கு கொறஞ்சி போகும். எல்லாத்துக்கும் மேல, என் காடி நல்லா இருந்த காலத்துல பெடல ஓங்கி மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும். சக்கரத்த பூட்ட முடிஞ்சிட்டா அதுக்கு மேல பிரேக் பலம் இருந்து என்ன பண்ண, ரோட்ட பிடிக்கிறது டயர்தானே. பெரிய பிரேக் குடுக்குறது சூட்டத் தாங்குற சக்தி, ரேஸ் டிராக்ல பத்து ரவுண்டு அடிக்கிறவங்களுக்கு அது வேணும். நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு ஷிஃப்டுக்கு போறவ.

அதனால ஒரு முடிவு பண்ணேன், எது எவ்ளோ உதவுதுன்னு தெரியணும்னா எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தக் கூடாது. மொதல்ல பழச ஒழுங்கு பண்றது, ரெண்டு வாரம் ஓட்டிப் பாக்குறது, அப்புறம் புது சாமான். ஃபேக்டரில டெக்னீஷியன் வேல, ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்துங்கிறது எங்களுக்கு பாலோட ஊட்டுன பாடம்.

மொத ரவுண்டு, பிறைல அப்பா வீட்டு போர்ச். என் ஃபிளாட் பார்க்கிங்ல செஞ்சா கமிட்டி அங்கிள் வந்து நிப்பாரு. சனிக்கெழம காலையில வீல் நட்ட தரையிலயே கொஞ்சம் தளத்திட்டு, முன் சக்கரத்துக்கு கட்டை வச்சிட்டு, ஜேக் ஏத்தி ஸ்டேண்ட் போட்டோம். ஜேக்க மட்டும் நம்பி காடிக்கு கீழ கைய விடாதீங்க, அதுல மட்டும் எனக்கு தமாஷே கெடையாது. கைபிரேக்க விட்டாத்தான் டிரம் கழலும், அப்பவும் கழலல, துரு பிடிச்சி ஹப்போட ஒட்டிகிச்சு. டிரம் மொகத்துல ரெண்டு சின்ன ஓட்டை மரை போட்டு இருக்கும், அதுல சரியான போல்ட்ட விட்டு மாத்தி மாத்தி அர சுத்து அர சுத்தா முறுக்குனா அதுவே தள்ளிகிட்டு வெளிய வரும். எனக்கு இது தெரியாம அர மணி நேரம் ரப்பர் சுத்தியலால அடிச்சிகிட்டு இருந்தேன், அப்பா நாக்காலில உக்காந்து தே ஓ குடிச்சிகிட்டு பாத்துகிட்டே இருந்தாரு, கடைசில "அந்த ஓட்ட எதுக்கு இருக்கு"ன்னு மட்டும் கேட்டாரு. மொதல்லயே சொல்லியிருக்கலாம்லப்பான்னா, "அடிச்சா கை வலிக்கும்னு தெரிஞ்சிக்கணும்ல"ங்கிறாரு.

எடது பின் டிரம்ம தெறந்ததும் கதையே அங்க இருந்துச்சு. ஷூவ தள்ளுற வீல் பம்ப்போட ரப்பர தூக்கி பாத்தா உள்ள ஈரம், ஆயில் கசிஞ்சி, டிரம்ம உள்ள இருந்து பிடிக்கிற ஷூ மேல பூரா ஊறி கருப்பா மினுமினுன்னு இருக்கு. அதாவது எடது பின் சக்கரம் எத்தன மாசமா பிரேக்கே பிடிக்கலன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதுக்கு மேல ஷூவ தானா தள்ளி வைக்கிற அட்ஜஸ்டர் ரெண்டு பக்கமும் துரு பிடிச்சி இறுகிப் போச்சு, ஷூ தேய தேய டிரம்முக்கும் அதுக்கும் எடவெளி கூடிகிட்டே போகும், பெடல் மொதல்ல அந்த எடவெளிய நெரப்பணும், அப்புறந்தான் மத்தது எல்லாம். என் காலுக்கு பெடல் ஆழமா போறது பழகிப்போச்சு, மைவின்னா இப்படித்தான் போலன்னு நெனைச்சிருக்கேன். வேற ஒருத்தர் காடிய ஓட்டுனாத்தான் நம்ம காடி கெட்டுப்போனது தெரியும்.

டிரம் தூச காத்தடிச்சி ஊதாதீங்க, வாயால கண்டிப்பா ஊதாதீங்க, பழைய ஷூல கல்நார் இருந்தாலும் இருக்கும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சி நனைச்சி, துணில தொடைச்சி, துணிய பையில கட்டி போட்டுடுங்க. ரெண்டு டிரம்மையும் லேத் கடையில குடுத்து உள்பக்கம் லேசா சீவி வாங்குனேன், ஒன்னு 15 வெள்ளி, டிரம்லயே எவ்ளோ வரைக்கும் சீவலாம்னு அளவு அடிச்சிருக்கும், அத தாண்டுனா குப்பைக்கு. புது ஷூ செட் 48, வீல் பம்ப் ரெண்டு, ஒன்னு 26. வலது பக்கம் வீல் பம்ப் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா காடி ஒரு பக்கமா இழுக்கும், ரெண்டையும் சேத்தே மாத்துங்க. ஸ்பிரிங் மாட்டுறப்ப ஒரு பக்கத்த தொடாம வச்சிட்டு அத பாத்து இந்த பக்கத்த மாட்டுங்க, நான் ஃபோட்டோ பத்து எடுத்தேன், ஆனாலும் அந்த டிரம்ம எட்டிப் பாத்துத்தான் செஞ்சேன். வீல் பம்ப்புக்கு வர்ற பைப் நட்ட சாதா ஸ்பானால திருகுனா மூலை மழுங்கிடும், அதுக்குன்னு பைப்ப சுத்தி பிடிக்கிற ஸ்பானா இருக்கு, எரவலாவது வாங்குங்க.

முன்னாடி வந்தா, அந்த சூடான எடது சக்கரம். உள்பக்க பேட் 2 மில்லி, வெளிப்பக்க பேட் 6 மில்லி. கேலிப்பர் நகந்து போக ரெண்டு பின் இருக்கும், கீழ் பின் காஞ்சி இறுகிப்போய் நகரவே இல்ல, அதனால பிஸ்டன் பக்கம் மட்டும் எல்லா வேலையும் செஞ்சிருக்கு, பிரேக்க விட்டாலும் பேட் முழுசா விடல, ஒரசிகிட்டே ஓடியிருக்கு. மலையில ஆயில் கொதிச்சதுக்கு ஆள் இதான். பின்ன கழட்டி கம்பி பிரஷ்ல தேச்சி, பிரேக்குக்குன்னு விக்கிற சிலிகான் கிரீஸ் தடவுனேன், 18 வெள்ளி டியூப், பத்து காடிக்கு வரும். சாதா பேரிங் கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிப் போயிடும், போடாதீங்க. சொல்லப்போனா என் காடிய காப்பாத்துனது இந்த 18 வெள்ளி டியூப்தான்.

அப்புறம் ஆயில். டாட் 4 அர லிட்டர் பாட்டில் 22 வெள்ளி. டாட் 3 இருந்த எடத்துல டாட் 4 ஊத்தலாம், பிரச்சன இல்ல, ஆனா டாட் 5னு தனியா ஒன்னு இருக்கு, அது சிலிகான், அத இதோட கலக்கவே கூடாது, டாட் 5.1 வேற டாட் 5 வேற, பேரு வச்சவன கும்பிடணும். எங்க வலது பக்க ஸ்டீயரிங் காடில மாஸ்டர் பம்ப் வலது முன்னாடி இருக்கு, பழைய ஆயிலையும் காத்தையும் வெளிய தள்ளுற வேலைய (பிளீட் பண்றது) அதுக்கு ரொம்ப தூரமா இருக்க சக்கரத்துல இருந்து ஆரம்பிச்சேன், எடது பின், வலது பின், எடது முன், வலது முன். ஒரு வழி வால்வு வச்ச டியூப் 15 வெள்ளிக்கு வாங்குனேன், ஒத்த ஆளா செய்யலாம்னு போட்டிருந்துச்சு. செய்யலாம்தான், ஆனா டியூப் வழியா காத்து குமிழி வருதா ஆயில் வெளிய வர்ற நிப்பிலோட மரை வழியா வருதான்னு தெரியாம மண்டை காயும். கடைசில அப்பாவ உள்ள உக்கார வச்சேன்.

"அமுக்குங்கப்பா."

"அமுக்கியாச்சு."

"புடிங்க, விட்டுராதீங்க... ம், இப்ப விடுங்க."

"நான் ஏர் பிரேக்க வச்சே பொழச்சவன்மா, இதெல்லாம் வெளையாட்டு சாமான்."

பெடலுக்கு கீழ ஒரு கட்டைய வச்சிட்டாரு அவரா. ஏன்னு கேட்டா, பழைய மாஸ்டர் பம்ப்ல பெடல் எப்பவும் போகாத ஆழத்துக்கு போனா, அங்க சேந்திருக்க அழுக்கும் துருவும் உள்ள இருக்க ரப்பர கிழிச்சிடும், இன்னிக்கி நல்லா இருந்த பம்ப் நாளைக்கி போயிடும்னாரு. வீடியோல இத நான் பாக்கல. வெளிய வந்த ஆயில் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) கலரு. புதுசு சீனத் தேத்தண்ணி மாதிரி வெளுப்பா வர்ற வரைக்கும் விட்டோம். ஒரு சொட்டு ஃபெண்டர்ல விழுந்துச்சு, உடனே தண்ணி ஊத்தி கழுவணும், இல்லன்னா பெயிண்ட் உரிஞ்சிடும், என் சட்டையும் அதுல போனதுதான்.

இதுவரைக்கும் ஆன செலவு எழுதி வச்சிருக்கேன், ஷூ, வீல் பம்ப், லேத் கூலி, கிளீனர் மூணு டின் 27, கிரீஸ், டியூப், ஆயில் ரெண்டு பாட்டில், 234 வெள்ளி. காடிய எடுத்து தாமான (குடியிருப்ப) சுத்தி ஒரு ரவுண்டு போனேன், மொத சந்துல பிரேக்க தொட்டதும் நெத்தி ஸ்டீயரிங்ல இடிக்காத குறை. காலு பழைய ஆழத்துக்கே போகுது, பெடல் அதுக்கு ரெண்டு இஞ்ச் முன்னாடியே நின்னுடுச்சு. கைபிரேக் பத்து கிளிக் இழுத்துகிட்டு இருந்தவ இப்ப ஆறுல நிக்கிறேன். அடுத்த ரெண்டு வாரம் பாலத்துல ஜேம்ல போய் வந்தேன், ஒரு நாள் லீவு போட்டு துன் சார்டோன் மலையும் ஏறி எறங்குனேன், தனியா. பெடல் அசையல. (மூணாவது கியர்ல எறங்குனேன்பா, நீங்க இத படிச்சாலும் படிக்கலன்னாலும்.)

நேர்மையா சொன்னா இங்கயே நிறுத்தியிருக்கலாம். ஆனா ரெண்டு விஷயம் பாக்கி, 90க்கு மேல போய் பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் ஆடுச்சு, டிஸ்க்கோட ஓரத்துல வெரல வச்சா திட்டு மாதிரி ஒரு விளிம்பு. டிஸ்க்லயும் கொறஞ்ச தடிமன் எவ்ளோன்னு அடிச்சிருக்கும், அளந்தா அத தொட்டுகிட்டு நிக்குது. அதனால ரெண்டாவது ரவுண்டு.

டிஸ்க் ஜோடி 165, சாதா டிஸ்க், ஓட்ட போட்டது இல்ல. ஓட்ட போட்ட டிஸ்க் பாக்க சூப்பர், ஆனா ஓட்டைய சுத்தி விரிசல் விடும், ரோட்டுல ஓட்டுறவங்களுக்கு அதுல ஒரு லாபமும் நான் காணல. பேட்ல தான் ஏமாந்தேன். ஆன்லைன்ல மொத வாங்குன செட் 32 வெள்ளி, பாக்ஸ் பளபளன்னு இருக்கு, பேட்ட தூக்கி பாத்தா ஓரத்துல ஒரு எழுத்தும் இல்ல. நல்ல பேட்டோட ஓரத்துல கம்பெனி கோடு, அதோட கடைசில ரெண்டு இங்கிலீஷ் எழுத்து அடிச்சிருக்கும், மொத எழுத்து சாதா சூட்டுல எவ்ளோ பிடிக்கும், ரெண்டாவது எழுத்து ரொம்ப சூடானா எவ்ளோ பிடிக்கும். இ-ன்னா உராய்வு எண் 0.25ல இருந்து 0.35, எஃப்-னா 0.35ல இருந்து 0.45, ஜி-னா 0.45ல இருந்து 0.55. எஃப்எஃப்னு இருந்தா வீட்டுக் காடிக்கு அம்சம். எஃப்இன்னு இருந்தா சூட்டுல பிடிப்பு எறங்கும், மலைக்காரங்க யோசிங்க. ஜிஜின்னா பிடிக்கும் ஆனா கத்தவும் தூசு தள்ளவும் வாய்ப்பு ஜாஸ்தி. ஒன்னுமே இல்லன்னா அது மரக்கட்டையா கூட இருக்கலாம். திருப்பி அனுப்பிட்டேன், காசு வந்துருச்சு, அந்த அளவுக்கு நிம்மதி. அப்புறம் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில நேரா போய் பாக்ஸ தெறந்து எழுத்த பாத்து எஃப்எஃப் பேட் 85 வெள்ளிக்கு வாங்குனேன், ஐரோப்பா ஆர்90 முத்திரையும் இருந்துச்சு, அந்த முத்திரைன்னா பிடிப்பு ஒரிஜினல் பேட்டுல இருந்து 15 சதவீதத்துக்கு மேல வெலகக் கூடாதுன்னு கணக்கு. பிராண்ட் பேர் கேக்காதீங்க, பேர் போட்டா அந்த பாக்ஸ தேடித்தான் போவீங்க, அதே பாக்ஸ்ல டூப்ளிகேட்டும் சுத்துது. எழுத்த பாருங்க.

டிஸ்க் மாத்துறப்ப புது டிஸ்க் மேல துரு பிடிக்காம இருக்க எண்ணெ தடவி வரும், கிளீனர் போட்டு நல்லா தொடைக்கணும். அதவிட முக்கியம் ஹப் மொகத்துல இருக்க பழைய துரு, அத கம்பி பிரஷ்ல எடுக்காம டிஸ்க்க மாட்டுனா டிஸ்க் ஒரு மயிரிழை சாஞ்சி உக்காரும், கொஞ்ச நாள்ல மறுபடி ஸ்டீயரிங் ஆடும், அப்புறம் டிஸ்க் கம்பெனிய திட்டுவோம். கழட்டுன கேலிப்பர அதுக்கு ஆயில் கொண்டு வர்ற ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பில கட்டி சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல மாட்டுங்க. பிஸ்டன உள்ள தள்ளுறப்ப பிளீட் நிப்பில தெறந்துகிட்டு தள்ளுனேன், அழுக்கு ஆயில் மேல போகாம டியூப்ல வெளிய வந்துரும். வீல் நட்ட டார்க் ரெஞ்ச்ல (அளவு வச்சி முறுக்குற ஸ்பானா) முறுக்குனேன், ஃபேக்டரில அதுதான் சோறு போடுது.

இப்ப ஹோஸ். கம்பி பின்னுன ஸ்டீல் ஹோஸ், நாலு சக்கரத்துக்கும் செட்டு 190 வெள்ளி. இந்த ரிவ்யூல நான் வருத்தப்படுற ஒரே செலவு. சாமான்ல குறை இல்ல, அளவு சரியா இருந்துச்சு, பழைய ரப்பர் ஹோஸ்ல வளைக்குற எடத்துல விரிசல் இருந்ததால எப்படியும் மாத்தத்தான் வேணும். ஆனா புது ரப்பர் ஹோஸ் போட்டிருந்தா பாதி காசுல முடிஞ்சிருக்கும், பெடல்ல வித்தியாசம் என் காலுக்கு தெரியல, தெரியுதுன்னு சொல்றவங்க காலு தங்கத்துல செஞ்சதா இருக்கணும். இதுல என் மடத்தனமும் சேந்துச்சு, ஹோஸ் மாட்டுற போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் செம்பு வாஷர் உண்டு, அது ஒரு தடவ நசுங்குனா அவ்ளோதான், புதுசு போடணும். பாக்கெட்ல புதுசு இருந்துச்சு, நான் வலது பக்கம் போட்டுட்டு, எடது பக்கத்துக்கு பழசயே போட்டுட்டேன், அம்மா சாப்பிட கூப்பிட்டாங்க, கோழிக் கறி. பிளீட் எல்லாம் முடிச்சி, அப்பா பெடல அஞ்சு நிமிஷம் விடாம அமுக்கி பிடிச்சிகிட்டு "போய் ஒவ்வொன்னா வெரல வச்சி பாரு"ன்னாரு, எடது பக்கம் வெரல் நனைஞ்சது. ஓட்டி பாக்குறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு நிமிஷம் கண்டிப்பா செய்யுங்க. வேல முடிச்சி காடிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பெடல நாலஞ்சு தடவ பம்ப் பண்ணவும் மறக்காதீங்க, தள்ளி வச்ச பிஸ்டன் பேட்ட தொட்டிருக்காது, மொத மிதிக்கு பெடல் தரைக்கு போகும், எதிர்ல பக்கத்து வீட்டு கேட் இருக்கும்.

புது பேட்டும் டிஸ்க்கும் பழகணும். ஞாயித்துக்கெழம காலையில பிறை தொழிற்பேட்டை ரோடு காலியா கெடந்துச்சு, 60ல இருந்து 20 வரைக்கும் மிதமா அமுக்கி விடுறது, மறுபடி ஏத்துறது, பத்து தடவ, முழுசா நிக்கக் கூடாது. சூடா இருக்கப்ப நின்னு பெடல அமுக்கி வச்சா பேட் அச்சு டிஸ்க்ல பதிஞ்சிரும். அப்புறம் பிரேக்க தொடாம பத்து நிமிஷம் ஓட்டி ஆற விட்டோம். ஒரு செக்யூரிட்டி கார்ட் வெளிய வந்து எங்கள பாத்தாரு, அப்பா கைய ஆட்டுனாரு, அவரும் ஆட்டுனாரு.

அதுக்கடுத்த வாரம் அதே மலை. அம்மாவும் பெரியம்மாவும் வர மாட்டேன்னுட்டாங்க, அதனால அப்பா, பெரியம்மா மக, பூட்ல ரெண்டு மூட்ட அரிசி. பாலிக் புலாவ்ல லக்சா சாப்பிட்டுட்டு எறங்குனோம். ஸ்டீயரிங் ஆட்டம் சுத்தமா இல்ல, பேட் மெதுவா தொட்டாலே பிடிக்குது, கீழ வந்து கைய நாலு சக்கரத்துகிட்டயும் கொண்டு போனா எடதும் வலதும் ஒரே சூடு. ஆனா மொத ரவுண்டு 234 வெள்ளிக்கு கெடைச்சது பத்துன்னா ரெண்டாவது ரவுண்டு 440 வெள்ளிக்கு கெடைச்சது மூணு, அதுலயும் ஹோஸுக்கு பூஜ்யம். காசு கம்மியா இருக்கவங்க எங்க ஆரம்பிக்கணும்னு இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.

யார் வீட்ல செய்யலாம் யார் கூடாதுன்னு கேட்டா, பேட் மாத்துறது, பின் கிரீஸ் போடுறது, ஆயில் மாத்துறது, கூட ஒரு தெரிஞ்ச ஆள் இருந்தா தைரியமா செய்யலாம். வீல் பம்ப்பும் ஹோஸும் மொத தடவையே தனியா செய்யாதீங்க, எனக்கு அப்பா இல்லன்னா அந்த எடது வாஷரோட மலைக்கு போயிருப்பேன். வர்க்‌ஷாப்ல குடுக்குறதா இருந்தாலும் பக்கத்துலயே நின்னு பின்ன கழட்டுனாங்களான்னு பாருங்க, நெறைய எடத்துல பேட்ட மட்டும் மாத்தி அனுப்பிடுவாங்க, பின்ன தொட மாட்டாங்க.

கொறன்னு பாத்தா ரெண்டு. காலைல மழ பேஞ்சிருந்தா மொத ரெண்டு பிரேக்குக்கு கீச்னு கத்துது, பேட்டோட வந்த பாக்கெட்ல புது கிளிப் இல்ல, பழசயே போட்டேன், அதனாலதான்னு சந்தேகப்படுறேன், கிளிப் 20 வெள்ளிக்குள்ள கெடைக்கும், அடுத்த சம்பளத்துக்கு. இன்னொன்னு டயர். பிரேக் சரியானப்புறம்தான் தெரியுது, ஈரத்துல ஓங்கி மிதிச்சா சக்கரம் சீக்கிரமே பூட்டிக்குது. டயர் ஓரத்துல நாலு நம்பர் தேதி இருக்குமே, மொத ரெண்டு நம்பர் எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு நம்பர் எந்த வருஷம், என்னோடது 1817. 2017 மே மாசத்து டயர், டயர் பூ (மேல இருக்க வெட்டு) இன்னும் இருக்கு ஆனா ரப்பர் கல்லாயிருச்சு. 175/65 14க்கு நல்ல டயர் யாராவது போட்டிருந்தா வெலைய சொல்லுங்க.

பழைய ஆயில் ஒரு பாட்டில் நெறைய அப்பா வீட்டு போர்ச்ல இன்னும் இருக்கு, லோங்காங்ல (சாக்கடையில) ஊத்தக் கூடாது, வர்க்‌ஷாப்ல கொண்டு போய் குடுக்கணும். அப்பா அதுல மார்க்கர் பேனால பெருசா "கோப்பி இல்ல"ன்னு எழுதி ஒட்டி வச்சிருக்காரு.